புதுப்பிப்பு: அப்பாவின் மனச்சோர்வு, இரண்டு மருந்துக்கும் அசையாதது

ஹவில்தாராக ஓய்வுபெற்ற அப்பா ஆவடி வீட்டில் பேச்சையே நிறுத்திவிட்டார், இரண்டு மாத்திரைகளை முழு அளவில் தலா 8 வாரம் கொடுத்தும் பலனில்லை என்று மார்ச்சில் கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

தைராய்டு சரியாக இருந்தது. லித்தியம் என்ற மருந்தையும் சேர்த்ததில் தூக்கம் மட்டும் தேறியது. கைகொடுத்தது, நான் பயந்து தள்ளிப்போட்ட ஈசிடிதான், அதாவது மூளைக்கு மின்தூண்டல் கொடுக்கும் சிகிச்சை. சினிமாவில் காட்டுகிற மாதிரியெல்லாம் இல்லை. மயக்க மருந்தும் தசைத்தளர்வு மருந்தும் கொடுத்துத்தான் செய்ய வேண்டும், 2017 மனநலச் சட்டப்படி. லித்தியத்தை முன்கூட்டியே நிறுத்தினார்கள். ஆறாவது முறைக்குப் பிறகு தானாக எழுந்து ஷேவ் செய்துகொண்டார். மொத்தம் 8 முறை செய்தார்கள்.

எதிர்பாராதது: அந்த வாரங்கள் அவருக்கு நினைவில்லை. பென்ஷன் ஏடிஎம் பின் நம்பரும் போச்சு! முன்பே எழுதி வையுங்கள். ஈசிஎச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) அட்டை இருந்தால், முதலில் அதன் பாலிகிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள்.