கப்பல் தளத்தில் இறங்கும் விமானி: பெருமை யாருக்கு?

கதிர் (பட்டவொர்த்): எங்கள் வீட்டுக்கு மேல் பறக்கும் ஹோர்னெட் போர் விமானத்தின் வாலடியில் ஒரு கொக்கி உண்டு. மலேசியாவுக்கு 1997-இல் வந்து சேர்ந்த எட்டும் விமானந்தாங்கிக் கப்பலுக்காகவே உருவான இனம். கொக்கி இருக்கிறது, கப்பல்தான் இல்லை! அந்தக் கொக்கியால் கப்பலில் இறங்குகிறவனே என் கணக்கில் முழு விமானி. மணிக்கு ஏறத்தாழ 240 கிலோமீட்டர் வேகத்தில் வந்து நூறு மீட்டர் அளவுக்குள் நிற்க வேண்டும். தளமோ அலையில் ஏறி இறங்கிக்கொண்டே முன்னால் ஓடுகிறது. சக்கரம் பட்டதும் எஞ்சினை முழு விசைக்குத் தள்ளுகிறார்கள். விமானத்தை நிறுத்தத் தளத்தின் குறுக்கே கட்டிய எஃகு வடத்தைக் கொக்கி தவறவிட்டால் உடனே மேலே ஏறியாக வேண்டுமே.

நளன் (செந்தூல்): அண்ணா, அது பழைய பெருமை. எக்ஸ்-47பி என்ற ஆளில்லா விமானம் 2013 ஜூலை 10 அன்று அமெரிக்கக் கப்பலில் தானாகவே இறங்கிவிட்டது. சூப்பர் ஹோர்னெட்டிலும் இப்போது பாதி வேலையை மென்பொருள் பார்த்துக்கொள்கிறது.

கதிர்: அன்றைய கதையை முழுதாகச் சொல்லுங்கள், தம்பி. இரண்டு முறை இறங்கியது. அடுத்த முயற்சியில் கணினிக் கோளாறு. கரையில் போய் இறங்கியது.

நளன்: கௌரவம் பார்க்காமல் திரும்பிப் போனதே, அதைத்தான் நான் மெச்சுகிறேன். ஓடும் கப்பலில் முதன்முதலாக இறங்கிய எட்வின் டன்னிங், 1917 ஆகஸ்ட் 2-இல் சாதித்தார்; ஐந்தே நாளில் மீண்டும் முயன்று கடலில் விழுந்து மாண்டார். வயது இருபத்தைந்து. இப்படிப்பட்ட வீரத்தை இன்னும் எத்தனை காலம் கொண்டாடுவது?

தேவி (பிறை): இருவரும் விமானி இருக்கையை விட்டு இறங்கவே மாட்டீர்களா? டன்னிங்கின் விமானத்தை நிறுத்த அன்று வடம் கிடையாது. மாலுமிகள் ஓடிவந்து கையால் பிடித்து இழுத்தார்கள். இன்றும் வருகிற விமானத்தின் எடைக்கேற்ப வடத்தின் பிடியைச் சரிசெய்வது தளத்துக்கு அடியில் நிற்கிறவர்கள். 2016 மார்ச்சில் அமெரிக்காவின் ஐசனோவர் கப்பலில் ஒரு விமானம் இறங்கும்போது வடம் அறுந்து எட்டு மாலுமிகள் காயமடைந்தார்கள். துறைமுகப் பாரந்தூக்கியின் எஃகு வடத்தோடு தினமும் மல்லுக்கட்டுகிற எனக்கு அந்தச் செய்தியைப் படித்ததும் வயிறு கலங்கியது. அவர்கள் பெயரை யார் சொல்கிறார்கள்?

கதிர்: சொல்ல வேண்டியதுதான், தேவி. ஆனால் அந்த விபத்தில் தளத்தின் விளிம்பைத் தாண்டிக் கீழே சரிந்த ஹாக்ஐ விமானத்தைத் தண்ணீர் தொடுமுன் மேலே தூக்கியவர்கள் விமானிகள்.

நளன்: முழு விசையில் இரு என்பது விதிமுறை. அதைக் கணினிக்கும் கற்றுத்தரலாம். ஒவ்வொரு இறக்கத்துக்கும் மதிப்பெண் போட்டு, எல்லோரும் பார்க்கப் பலகையில் மாட்டுகிறார்களே, அதுதான் என்னை உறுத்துகிறது. மதிப்பெண்ணுக்கு ஆசைப்பட்டு ஒருவன் தவறான கோணத்திலேயே இறங்கத் துணிய மாட்டானா?

கதிர்: துணிய விடமாட்டார்கள். தளத்தோரம் நிற்கும் அதிகாரியும் அனுபவப்பட்ட விமானிதான். அவர் விளக்கைக் காட்டினால் மறுபேச்சில்லாமல் மேலே ஏற வேண்டும். வாதமெல்லாம் இறங்கிய பிறகு.