மகள் போலீஸ் வேலைக்குப் போக விரும்புகிறாள். வீட்டில் யாருக்கும் சம்மதமில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

பதிவு: பழைய கிராணி

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டப்புறச் சிறுநகரில் வசிக்கிறேன். செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் கிராணியாக (எழுத்தராக) இருந்துவிட்டு, தோட்டம் கைமாறிய பின் நகரை ஒட்டிய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) குடியேறியவன். ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடித்த என் இளைய மகள் கான்ஸ்டபிள் வேலைக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொல்கிறாள். "தோட்டத்து லய வீடுகளுக்குப் போலீஸ் ஜீப் வந்தால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தியவர்கள் நாம், அந்த ஜீப்பிலேயே நம் பிள்ளை ஏறி வருவதா?" என்று என் தாயார் கேட்கிறார். என் மைத்துனரோ, சாலைத் தடுப்பில் காப்பிக் காசுக்குக் கை நீட்டும் வேலை என்று ஒரே வாக்கியத்தில் பேச்சை முடித்துவிட்டார்.

சில வாரங்களுக்கு முன்பு வரை நானும் மைத்துனர் கட்சிதான். ஓர் இரவு வாசலில் நிறுத்தியிருந்த மகளின் மோட்டார் சைக்கிள் களவு போயிற்று. ஒன்றரை மணிக்கு அவளும் நானும் காவல் நிலையத்துக்குப் போனோம். வெளிக்கதவு சங்கிலியால் பூட்டிக் கிடந்தது. உள்ளிருந்து வந்த கோப்பரல் கைவிளக்கை எங்கள் முகத்தில் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் திறந்தார். பிறகு, உலு திராமில் நடந்ததிலிருந்து இப்படித்தான், தவறாக நினைக்க வேண்டாம் என்று மலாயில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். 2024 மே 17 அன்று விடியற்காலையில் ஜொகூர் மாநிலத்தின் உலு திராம் காவல் நிலையத்தில் ஒருவன் புகுந்து இரண்டு கான்ஸ்டபிள்களைக் கொன்றதைத்தான் அவர் சொன்னார்.

முகப்பில் அவர் ஒருவரே இருந்தார். நாற்காலியின் ஒரு கை ராஃபியா கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. புகாரை அவர் இரண்டு விரலால் தட்டச்சுச் செய்து முடிப்பதற்குள் தொலைபேசி நான்கு முறை ஒலித்தது. ஒவ்வொரு முறையும் எழுந்து போய், வெளியே சுற்றிக்கொண்டிருந்த ஒரே ரோந்து வாகனத்தை வானொலியில் அழைத்துச் செய்தி சொல்லிவிட்டு வந்து, விட்ட இடத்தைத் தேடினார். அச்சுப்பொறியில் மை தீர்ந்திருந்ததால் கடைசி மூன்று வரிகள் நிழல் போல வந்தன. அவர் தம் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, மங்கிய எழுத்துகளின் மேல் ஒவ்வொன்றாக எழுதி, வாசித்துக் காட்டி, கையொப்பம் வாங்கினார். மேசைக்கடியில் இருந்த நாசி லெமாக் பொட்டலத்தில் எறும்பு ஏறியிருந்தது. அதை அவர் பார்த்தார், நாங்களும் பார்த்தோம், யாரும் ஒன்றும் பேசவில்லை.

அன்றிரவு அவர்மேல் எனக்கு இரக்கம் வந்தது உண்மை. ஆனால் ஐந்து வாரம் கடந்தும் வழக்கு என்னவாயிற்று என்று எவரும் சொல்லவில்லை, விசாரணை அதிகாரி தொலைபேசியை எடுப்பதே இல்லை என்பதும் உண்மை. வேலைச் சூழல் இவ்வளவு மோசமாக இருப்பதால்தான் பொதுமக்களிடம் பெயர் கெடுகிறதா, அல்லது பெயர் கெட்டுப்போனதால் அவர்களுடைய சூழலைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லையா? இந்த நிலையில் பெண் பிள்ளையை அனுப்பலாமா?

-----

மறுமொழி: குவார்ட்டர்ஸ்வாசி

ஐயா, நான் ஒரு போலீஸ்காரரின் மனைவி. பத்தொன்பது ஆண்டுகளில் மூன்று போலீஸ் குவார்ட்டர்ஸ் (குடியிருப்பு) பார்த்துவிட்டேன். நீங்கள் பார்த்தது ஓர் இரவு. எங்களுக்கு அது அன்றாடம். இரண்டாவதாக இருந்த குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு நான்காவது மாடியில். பகலில் தண்ணீர் ஏறாது. இரவுப் பணி முடிந்து காலையில் வருபவர் குளிக்க, நான் முந்திய இரவே மூன்று வாளி பிடித்து வைப்பேன். லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்குக் கூரையிலிருந்து ஒழுகுவது புதிதல்ல. ஆனால் மேல்வீட்டுக் கழிவறையிலிருந்து ஒழுகுவதைத் திருமணத்துக்குப் பிறகுதான் பார்த்தேன்.

வேலை நேரம் என்று தாளில் ஒன்று இருக்கிறது. ஆனால் 1967ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டப்படி, தேவைப்படும் போதெல்லாம் போலீஸ்காரர் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார். அந்த ஒரு வரியின் பொருளை மனைவிமார்தான் அறிவார்கள். ஊரே விடுமுறையில் போகும்போது இவர்களுக்கு ஓப்ஸ் செலாமாட் என்னும் பண்டிகைக் காலச் சாலைப் பாதுகாப்புப் பணி. நெடுஞ்சாலையில் நின்றாக வேண்டும். 2020 மார்ச் 18 அன்று கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது, எல்லாக் கணவர்களும் வீட்டுக்குள் முடங்க, என் கணவர் சாலைத் தடுப்பில் நின்றார். வீடு திரும்பினால் பின்கட்டில் உடை மாற்றி, பிள்ளைகளைத் தொடாமல் கூடத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வார்.

பெயரைப் பற்றிக் கேட்டீர்கள். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) என் கணவர் தே தாரிக் (தேநீர்) வாங்கினால் கடைக்காரர் காசு வாங்க மறுப்பார். இவர் வற்புறுத்தி மேசையில் வைத்துவிட்டு வருவார். காசு வைப்பதை ஒருவரும் பார்ப்பதில்லை, டம்ளரைக் கையில் வாங்குவதை மட்டும் வரிசையே பார்க்கும். இப்போதெல்லாம் நான்தான் போய் வாங்கி வருகிறேன்.

உங்கள் மகளுக்கு உண்மையிலேயே ஆசை இருந்தால் தடுக்காதீர்கள். தமிழ் பேசும் ஒரு பெண் முகப்பில் இருந்தால், கணவனிடம் அடி வாங்கிக்கொண்டு வரும் நம் பெண்கள் பாதி வழியில் திரும்பிப் போக மாட்டார்கள்.

-----

மறுமொழி: மூன்றாம் டிவிஷன்

எல்லாரும் உருகுகிறீர்கள், நான் உருகத் தயாராக இல்லை. உடைந்த நாற்காலிக்கும் மை தீர்ந்த அச்சுப்பொறிக்கும் நான் வருந்துகிறேன், ஆனால் அவற்றைக் காட்டி மற்றதை மறைக்க வேண்டாம். என் தம்பிக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது, வேறொருவன் என்று நினைத்துப் பிடித்துப் போனார்கள். மறுநாள் மாலை விடுவித்தார்கள். காதில் விழுந்த அறையின் இரைச்சல் மூன்று மாதம் இருந்தது. அறைந்தவர் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்து களைத்திருந்தாரா என்று நான் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. காண்டா (சுமை தூக்கும் தோள்கம்பு) தூக்கித் தோள் புண்ணானவன் அந்த ஆத்திரத்தில் கிராணியைப் பிடித்து அறைந்தானா? கிராணி ஐயாவே சொல்லட்டும்.

2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவின் தைப்பான் காவல் நிலையத்தில் தடுப்புக்காவலில் இருந்த அ. குகன் இறந்ததை நம் மக்கள் மறக்கவில்லை. நம் வீடுகளில் போலீஸ் என்ற சொல்லுக்கு இருக்கும் கசப்பு திரைப்படம் பார்த்து வந்ததல்ல.

கேள்விக்கு என் பதில்: சம்பளத்தை உயர்த்தலாம், புதுக் குவார்ட்டர்ஸ் கட்டலாம், கட்டவும் வேண்டும்; ஆனால் தவறு செய்தால் வெளியார் ஒருவர் விசாரித்துத் தண்டிப்பார் என்ற நிலை வராதவரை பெயர் திரும்பாது. துன் முகமது சைடின் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் 2005இல் 125 பரிந்துரைகளை அளித்தது. அவற்றில் முக்கியமானது, போலீஸார் மீதான புகார்களை விசாரிக்கச் சுதந்திரமான ஓர் ஆணையம் வேண்டும் என்பது. ஐ.பி.சி.எம்.சி. என்று அதைத்தான் இத்தனை ஆண்டுகளாகக் கேட்டோம். கிடைத்ததோ 2023 ஜூலை 1 அன்று நடப்புக்கு வந்த ஐ.பி.சி.சி. என்னும் போலீஸ் நடத்தை ஆணையம்; பெயரில் ஓர் எழுத்துதான் குறைந்தது என்று நினைத்துவிடாதீர்கள், தண்டிக்கும் அதிகாரமும் சேர்ந்து போய்விட்டது. அது விசாரித்துப் பரிந்துரைக்கும். ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதை வேறு இடத்துக்கு விட்டுவிடும்.

-----

மறுமொழி: ஓய்வுபெற்ற சார்ஜன்

மூன்றாம் டிவிஷன் தம்பி சொன்னதில் ஒரு வரியைக்கூட நான் மறுக்கப் போவதில்லை. உன் தம்பியை அறைந்தவர் என் நிலையத்தில் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இங்கே வீரம் பேசவும் மாட்டேன். பல இடங்களில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததுண்டு. அதற்கும் வேலைச் சூழலுக்கும் தொடர்பு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் தகப்பனார் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியின் அவசரகாலத்தில் சிறப்புக் கான்ஸ்டபிளாக இருந்தவர். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. தோட்டங்களைக் காக்க ஆள் எடுத்தார்கள். அப்பா துரை பங்களாவின் வேலியோரம் இரவெல்லாம் துப்பாக்கியுடன் நிற்பார். லயத்துச் சனங்கள் அவரை நம்பவில்லை, துரையும் நம்பவில்லை. இரண்டு பக்கமும் சந்தேகப்படும் ஆளாக நிற்பது எங்கள் வீட்டுக்குப் பரம்பரைத் தொழில் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களம், எங்களுக்கு ரோல் கால். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் பிரட்டுக் களத்தில் நிற்பவருக்குத் தொழிற்சங்கம் உண்டு. மண்டோர் (மேற்பார்வையாளர்) அநியாயம் செய்தால் தோட்டத் தொழிலாளர் சங்கக் கிளைக்குப் போய்ச் சொல்லலாம். 1959ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் போலீஸ்காரர் சங்கத்தில் சேருவதைத் தடை செய்கிறது. மேலதிகாரியைப் பற்றிக் குறை இருந்தால் அந்த மேலதிகாரி வழியாகத்தான் எழுத வேண்டும் என்ற நிலையில் எத்தனை பேர் எழுதுவார்கள்? நான் ஒருமுறை எழுதினேன். ஆறு வாரத்தில் மாற்றல் வந்தது. மகன் அந்த ஆண்டு யு.பி.எஸ்.ஆர். (ஆறாம் ஆண்டுத் தேர்வு) எழுதவிருந்தான். அதற்குப் பிறகு நான் எதையும் எழுதவில்லை. தன் குறையையே வாய் திறந்து சொல்ல முடியாதவன், பக்கத்து அறையில் ஒரு பையன் அடி வாங்கும்போது எழுந்து போய்த் தடுப்பான் என்று எதிர்பார்க்கிறீர்கள். எதிர்பார்க்கத்தான் வேண்டும். நடக்காததற்கு ஒரு காரணம் சொன்னேன், மன்னிப்புக் கேட்கவில்லை.

இன்னொன்று. தம்பி குறிப்பிட்ட அதே 2005 அறிக்கையை நானும் வாசித்திருக்கிறேன். சுதந்திர ஆணையம் வேண்டும் என்று சொன்ன அதே அறிக்கைதான் சம்பளத்தையும் பணிநிலையையும் சீராக்க வேண்டும், குடியிருப்பும் நிலையக் கட்டடங்களும் மேம்பட வேண்டும் என்றும் சொன்னது. பொதுமக்கள் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்; என் சகாக்கள் அந்தப் பாதிக்குப் பயந்து அறிக்கையையே எதிரியாகப் பார்த்தார்கள், தங்கள் ஒழுகும் கூரையைப் பற்றியும் அதில் எழுதியிருக்கிறது என்பதைப் பலர் அறியவே இல்லை. சாப்பாட்டு அறையில் இதைச் சொன்னால் என்னை விசித்திரமாகப் பார்ப்பார்கள்.

சம்பளம் முன்பு போல் இல்லை. அரசு ஊழியர்களுக்கான புதிய திட்டத்தில் 2024 டிசம்பரில் 8 விழுக்காடும் 2026 ஜனவரியில் 7 விழுக்காடும் உயர்வு அறிவிக்கப்பட்டது. கீழ்நிலையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஆள் பற்றாக்குறைதான் கேடு. ஒரு விசாரணை அதிகாரியின் மேசையில் கோப்புகள் மார்பு உயரத்துக்கு அடுக்கியிருப்பதைப் பார்த்தால், கிராணி ஐயாவின் தொலைபேசியை அவர் ஏன் எடுக்கவில்லை என்று புரியும். எடுத்திருக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

-----

மறுமொழி: வழக்கறிஞர் அலுவலக எழுத்தர்

மோட்டார் சைக்கிள் பற்றி மட்டும் சொல்கிறேன். ஐயா, தொலைபேசியை நம்பிக் காத்திருக்காதீர்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107A பிரிவின்படி, புகார் கொடுத்தவர் விசாரணையின் நிலவரத்தைக் கேட்கலாம். கோரிக்கை கிடைத்த இரண்டு வாரத்துக்குள் நிலையப் பொறுப்பாளர் அறிக்கை தர வேண்டும். நான்கு வாரம் கடந்திருக்க வேண்டும், பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றமாக இருக்க வேண்டும், விசாரணைக்குக் குந்தகமான விவரத்தைத் தர மாட்டார்கள் என்பவையே கட்டுப்பாடுகள். வாகனத் திருட்டும் ஐந்து வாரமும் போதும். புகார் எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் அலுவலகத்துக்கு வருபவர்களில் இதைச் செய்திருப்பவர்கள் மிகச் சிலரே.

-----

மறுமொழி: பழைய கிராணி

அனைவருக்கும் நன்றி. மூன்றாம் டிவிஷன் கேட்டதற்குப் பதில்: எந்தத் தொழிலாளியும் என்னை அறைந்ததில்லை, ஆனால் சம்பள நாளில் நான் கணக்கைக் குறைத்துக் காட்டியதாக நினைத்து இரண்டு பேர் வழிமறித்ததுண்டு. குறைத்தது நானல்ல, மேலிடத்து உத்தரவு. அதை அப்போது அவர்களிடம் நானும் சொல்லவில்லை. சார்ஜன் ஐயா எழுதியதை வாசித்தபோது அந்த நினைவு வந்தது.

நேற்று கடிதத்தை நேரில் கொடுத்து முத்திரை வாங்கினேன். மகள் சார்ஜன் ஐயாவின் பதிலை இரண்டு முறை வாசித்துவிட்டு விண்ணப்பத்தை இணையத்தில் அனுப்பிவிட்டாள். என் தாயார் இன்னும் அவளுடன் பேசவில்லை. குவார்ட்டர்ஸ்வாசி அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும்: எடுத்துக்கொண்டால் புலாபோல் (போலீஸ் பயிற்சி மையம்) பயிற்சிக்கு என்ன கொடுத்து அனுப்புவது?

-----

மறுமொழி: குவார்ட்டர்ஸ்வாசி

பெட்டிக்கு நல்ல பூட்டு இரண்டு, கால் கொப்புளத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் தாராளமாக, பருத்திக் காலுறை ஆறு ஜோடி. ஊறுகாய் கொடுத்தால் சிறிய புட்டியாகக் கொடுங்கள், பெரிதாக இருந்தால் முதல் வாரத்திலேயே அறையில் உள்ளவர்கள் தீர்த்துவிடுவார்கள். சப்பாத்தை இப்போதிருந்தே அணிந்து தினமும் ஓடிப் பழகச் சொல்லுங்கள்.