ஜப்பானின் செர்ரிப் பூவான சகுராவைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: எந்த வாரம், எந்த ஊர்?

டோக்கியோவாசி:
டிக்கெட் போடும் முன் இதைத் தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் தவிரும். ஜப்பானிய நகரங்களில் பெரும்பாலும் நட்டிருப்பது சோமெய் யோஷினோ ரகம். விதை போட்டு முளைத்ததல்ல. ஒட்டுக்கட்டியே பரப்பியது, மரபணுப்படி எல்லாம் ஒரே மரம். அதனால் ஓர் ஊரில் சேர்ந்தாற்போல் பூத்து, சேர்ந்தாற்போல் கொட்டிவிடும். டோக்கியோவில் யாசுகுனி ஆலய வளாகத்தில் ஒரு மாதிரி மரம் இருக்கிறது. அதில் ஐந்தாறு பூ விரிந்ததும் 'கைக்கா', அதாவது பூக்கத் தொடங்கியது என்று அறிவிப்பார்கள். செய்தியைப் பார்த்து அன்றே ஓடினால் மொட்டுதான் கிடைக்கும். எண்பது விழுக்காடு விரிந்தால் 'மன்காய்', அதாவது முழு மலர்ச்சி. அதற்கு இன்னும் ஒரு வாரம் ஆகும். அதன்பின் காற்று மழை இல்லாவிட்டால் ஒரு வாரம் நிற்கும், குளிர் திரும்பினால் கூடுதலாகச் சில நாள்.

டோக்கியோவின் முப்பதாண்டு சராசரிப்படி தொடக்கம் மார்ச் 24, முழு மலர்ச்சி மார்ச் 31. ஆனால் 2023இல் தொடக்கம் மார்ச் 14, மறு வருடமே மார்ச் 29! சராசரியை மட்டும் நம்பி ஹோட்டல் போட்டால் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம். ஒரு கைக்கணக்கு உண்டு: பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு நாளின் உச்ச வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே வாருங்கள், 600 டிகிரியைத் தொடும் சமயத்தில் பூக்கும். துல்லியமில்லை, ஆனால் பிந்துமா முந்துமா என்பது மார்ச் முதல் வாரத்திலேயே பிடிபடும். தேதியை மாற்ற முடியாதவர்கள் ஊரை மாற்றுங்கள், அவ்வளவுதான்.

நாராப் பக்கத்திலிருந்து:
ஊரைக்கூட மாற்ற வேண்டாம், உயரத்தை மாற்றினால் போதும் என்பதற்கு யோஷினோ மலைதான் சாட்சி. சுமார் 30,000 மரங்கள், பெரும்பாலும் வெள்ளை மலைச் சகுரா. கீழ், நடு, மேல், உள் என்று நான்கு அடுக்காகச் சொல்வார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் அடிவாரத்தில் ஆரம்பித்துப் பூப்பு மலையேறும். உள் அடுக்குக்குப் போய்ச்சேர மாதக் கடைசி நெருங்கிவிடும். நாள் கொஞ்சம் தப்பினாலும் ஏதோ ஓர் அடுக்கு கிடைக்கும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த ரகத்தில் பூவோடு சேர்ந்தே செம்பழுப்புத் தளிரும் வரும். போஸ்டரில் பார்த்த வெறும் வெண்மையை எதிர்பார்த்து வந்து "பூ முடிந்துவிட்டதா?" என்று கேட்பவர்கள் ஏராளம். முடியவில்லை, அதன் நிறமே அதுதான்.

ஒசாகா அபேனோபாஷியிலிருந்து கின்டெட்சு விரைவு ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும். ஜேஆர் பாஸ், அதாவது ஜேஆர் ரயில்களுக்கான சுற்றுலாப் பாஸ், இந்தத் தனியார் தடத்தில் செல்லாது; சாதாரண டிக்கெட்டோடு விரைவு ரயிலுக்குத் தனி டிக்கெட்டும் எடுக்க வேண்டும். மாலையில் திரும்பும் இருக்கையைக் காலையிலேயே வாங்கிவிடுங்கள். பஸ்ஸில் மேலே ஏறி நடந்து இறங்குவதுதான் முழங்காலுக்குக் கொஞ்சம் கருணை. வழியில் ஹனயகுரா மேடையில் நின்றால் சாவோதோ மண்டபத்தின் கூரை பூக்களுக்கு நடுவே தெரியும்.

கேள்வி:
பிள்ளைகளுக்கு முழுப் பரீட்சை முடிந்து ஏப்ரல் கடைசியில்தான் கிளம்ப முடியும். கியோட்டோ கிடைக்குமா?

சென்டாயில் இருப்பவர்:
கிடைக்காது. கியோட்டோவிலேயே தாமதமாகப் பூக்கும் நின்னாஜி கோயிலின் குட்டை மரங்களுக்குக்கூட ஏப்ரல் நடுப்பகுதிதான் கணக்கு. நேராக வடக்கே ஏறுங்கள்.

ஹிரோசாகி கோட்டைப் பூங்காவில் சுமார் 2,600 மரங்கள். "சகுராவை வெட்டுபவன் முட்டாள்" என்று ஜப்பானில் பழமொழியே உண்டு, வெட்டிய இடம் எளிதில் அழுகும் என்பதால். ஹிரோசாகியோ ஆப்பிள் ஊர். ஆப்பிளுக்குக் கவாத்து செய்வதுபோலவே சகுராவையும் வெட்டி, வெட்டுவாயில் மருந்து பூசிவிடுகிறார்கள். மற்ற ஊர்களில் ஒரு மொட்டிலிருந்து மூன்று நான்கு பூ வந்தால், இங்கே நான்கு ஐந்து. கிளைக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும்: இடைவெளியே இல்லாமல் பந்து பந்தாகத் தொங்கும். நூறு வயது தாண்டிய சோமெய் யோஷினோவும் இங்கே இருக்கிறது. அந்த ரகத்துக்கு அது பெரிய வயது.

ஆனால் மே முதல் வார விடுமுறைக்கு என்று திட்டமிடாதீர்கள். அண்மை ஆண்டுகளில் ஹிரோசாகி அதற்குள் முடிந்துவிடுகிறது. கொட்டத் தொடங்கிய பின் போய்ச்சேர்ந்தால் நேராக வெளி அகழிக்குப் போங்கள். இதழ்கள் தண்ணீரை மூடிக்கிடக்கும். அதுவும் சில நாள்தான், பிறகு பழுப்பேறிவிடும். டோக்கியோவிலிருந்து ஷின்-ஆமோரிக்கு ஹயபுசா என்ற புல்லட் ரயில். அதில் எல்லாம் முன்பதிவு இருக்கைதான். அங்கிருந்து ஹிரோசாகிக்குச் சாதாரண ரயிலில் முக்கால் மணிக்குள். ஹிரோசாகியில் அறை கிடைக்காவிட்டால் ஆமோரி நகரில் தங்கி வந்துபோகலாம்.

ஹக்கோடதே அனுபவம் உள்ளவர்:
மே தொடக்கம்தான் என்றால் கடலைத் தாண்டி ஹொக்கைடோ தீவுக்கு வாருங்கள். மத்சுமயே பூங்காவில் 250 ரகம், சுமார் 10,000 மரங்கள். முந்துவதும் பிந்துவதும் கலந்திருப்பதால் ஒரு மாதம்போலப் பூ இருக்கும். தேதி நிச்சயமில்லாத குடும்பத்துக்கு இதைவிடப் பத்திரமான இடம் இல்லை என்பேன். கிகொனாய் ஸ்டேஷனில் இறங்கி ஒன்றரை மணி நேரம் பஸ். அதன் நேரத்தைப் பார்த்துவிட்டு ரயிலை முடிவு செய்யுங்கள், தலைகீழாகச் செய்தால் ஸ்டேஷனில் காய வேண்டியதுதான். ஹக்கோடதேயில் கொர்யோகாகு கோட்டை நட்சத்திர வடிவம். பக்கத்திலேயே 107 மீட்டர் கோபுரம். கீழே நடந்தால் வடிவம் தெரியாது, மேலே ஏறித்தான் ஆக வேண்டும். மே மாதம் என்று மெல்லிய சட்டையோடு வராதீர்கள், கடல்காற்று குளிரும்.

ஒசாகாவிலிருந்து ஒரு சேர்க்கை:
ஏப்ரல் நடுவில் ஒசாகாவில் இருப்பவர்கள் நாணயச்சாலையை விட்டுவிடாதீர்கள். அடுக்கு இதழ் ரகங்கள், 560 மீட்டர் பாதை, ஒரு வாரம்போலத்தான் திறப்பார்கள். இப்போது இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும்; நேரில் போய் நின்றால் உள்ளே விடுவார்கள் என்று நம்ப வேண்டாம். ஒருவழிப் பாதை என்பதால் தவறவிட்ட மரத்துக்குத் திரும்பி நடக்க முடியாது. படம் எடுப்பவர்கள் முன்னால் போகும் கூட்டத்தோடு ஓடாமல் ஓரமாகவே வாருங்கள்.

டோக்கியோவாசி:
சீக்கிரம் வருகிறவர்களையும் சொல்லிவிடுவோம். பிப்ரவரியில் இசு தீபகற்பத்தின் கவாசு ஊர். அடர் இளஞ்சிவப்பு, ஒரு மாதம் நிற்கும். ஜனவரியிலேயே ஒகினாவா. அங்கே வரிசை தலைகீழ்: குளிர் பட்டால்தான் மொட்டு விழிக்கும், ஆகவே வடக்கே நாகோ, மொதொபு பக்கம் முதலில் பூத்துத் தெற்கே நாஹாவுக்குக் கடைசியில் வரும். இதழ் மழையை அங்கே தேடாதீர்கள், பூ முழுசாகவே விழும்.