அஷ்வின் நூறு அடித்தபோது நாங்கள் சமோசா வாங்கிக்கொண்டிருந்தோம்

கேலரிவாசி:

கிரிக்கெட் பைத்தியம் தெளிந்துபோன நட்பு வட்டம் வேறு யாருக்காவது இருக்கிறதா? எங்கள் கதையைச் சொல்கிறேன்.

நாங்கள் நாலு பேர், திருவல்லிக்கேணியில் ஒரே தெரு. 1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. சேப்பாக்கத்தில் பாகிஸ்தான் டெஸ்டின் நாலாம் நாள். ஜெயிக்க 271. சிமெண்ட் படியில் பேப்பரை விரித்து உட்கார்ந்திருந்தோம். டெண்டுல்கரும் மோங்கியாவும் நிலைத்து ஆட ஆரம்பித்ததும் எங்கள் சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. எவன் எப்படி உட்கார்ந்திருக்கிறானோ அப்படியே இருக்க வேண்டும், அசைந்தால் விக்கெட் போய்விடும். எனக்கு மடக்கிய கால் மரத்துப்போய் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. புளிசாதப் பொட்டலத்தைப் பிரிக்கக்கூட யாரும் துணியவில்லை.

எங்களில் ஒருத்தன் மட்டும் ஒரு மணி நேரமாக நெளிந்துகொண்டிருந்தான். “மச்சான், முடியலடா.” “இன்னும் 17 ரன்தான்டா, அடக்கு.” போயே விட்டான். அவன் படியிறங்கிய கையோடு சக்லைன் பந்தை டெண்டுல்கர் தூக்கி அடிக்க, அக்ரம் கையில் போய் விழுந்தது. 136. முதுகு வலியோடு ஆடிய ஆட்டம் அது. 254-க்கு 7 என்று இருந்தது, 258-க்கு எல்லாரும் காலி. 12 ரன்னில் தோல்வி. அப்புறம் பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தபோது மொத்த கேலரியும் எழுந்து கைதட்டியது. நாங்களும் தட்டினோம். பாகிஸ்தானை மன்னித்துவிட்டோம், அவனைத்தான் மன்னிக்கவில்லை. அவன் பெண்ணின் காதுகுத்தில்கூட, “நீ மட்டும் அன்னைக்கு ஒண்ணுக்குப் போகாம இருந்திருந்தா” என்று ஆரம்பித்துத்தான் பந்தியில் உட்கார்ந்தோம்.

இப்போது 2024 செப்டம்பருக்கு வாருங்கள். 2021-க்குப் பிறகு சேப்பாக்கத்தில் முதல் ஆண்கள் டெஸ்ட், வங்கதேசத்தோடு. நாலு பேரும் போவதாகத்தான் வாட்ஸாப்பில் பேச்சு. ஒருத்தனுக்கு முட்டி வலி, இன்னொருத்தன் பெங்களூரில் பேரனோடு. கடைசியில் நானும் அந்த ‘குற்றவாளி’யும் மட்டும் போனோம். காலையில் 34-க்கு 3. ரோஹித், கில், கோலி மூன்று பேரும் அவுட். பழைய நாங்களாக இருந்தால் உயிர் போயிருக்கும். நாங்களோ மூன்று மாதச் சர்க்கரை அளவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். கடைசி செஷனில் எழுந்து சமோசா வாங்கப் போனோம். அஷ்வின் நூறை நெருங்கிக்கொண்டிருக்கிறார் என்று தெரியும். தெரிந்தேதான் போனோம். வரிசையில் நிற்கும்போது பின்னால் இடி மாதிரி சத்தம். உள்ளூர்ப் பையன், மேற்கு மாம்பலம், சொந்த மண்ணில் நூறு! என் நண்பன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அடிச்சிட்டான் போல,” என்றான். அப்புறம், “இந்த சட்னி ஏன்டா இப்படித் தண்ணியா இருக்கு?”

யாரும் ஓடவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

டிரான்சிஸ்டர்:

எங்கள் கோஷ்டி உங்களுக்கும் மூத்தது. திருச்சி, பாலக்கரை. 1986 செப்டம்பர் 22 அன்று மணிந்தர் சிங் எல்பிடபிள்யூவில் அவுட்டாகி, இரண்டு அணிக்கும் ரன் சமமாக நின்று, ஆஸ்திரேலியாவோடு ஆடிய டெஸ்ட் ‘டை’ ஆனபோது, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய ரேடியோவைச் சுற்றி சைக்கிள் கடையில் பதினைந்து பேர் இருந்தோம். டை என்றால் என்ன என்று கடைக்காரருக்குப் புரியவைக்கவே அரை மணி நேரம் ஆயிற்று.

எங்களுக்கு விட்டுப்போனது 2000-இல். தென்னாப்பிரிக்கக் கேப்டன் குரோனியே சூதாட்டக்காரர்களிடம் பணம் வாங்கியதாக ஒப்புக்கொண்டதைக்கூடத் தாங்கிக்கொண்டோம், எவனோ வெளிநாட்டுக்காரன் என்று. டிசம்பரில் அதே சூதாட்ட விவகாரத்தில் நம் அசாருதீனுக்கு ஆயுள் தடை வந்தது. எங்களில் ஒருத்தன் சட்டைக் காலரை அசார் மாதிரியே தூக்கி விட்டுக்கொண்டு திரிந்தவன். அன்று கடைக்கு வந்தான், யாரும் எதுவும் கேட்கவில்லை. காலர் மட்டும் மடங்கியிருந்தது. 2012-இல் ஆந்திர உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்று சொன்னபோது போன் போட்டேன். “ஓ, அப்படியா” என்றான். அவ்வளவுதான்.

சிறுசேரி பஸ்:

நான் உங்களை எல்லாம்விடச் சின்னவள். எங்கள் கதையில் துரோகமும் இல்லை, சர்க்கரையும் இல்லை. ஆபீஸ் தோழர்கள் ஆறு பேர், எல்லாருமே மஞ்சள் சட்டை. ஐபிஎல்லிலிருந்து சென்னை அணியை இரண்டு வருஷம் தள்ளி வைத்தபோதுகூட அசரவில்லை. 2018-இல் திரும்பி வந்து ஒரே ஒரு ஆட்டம் இங்கே நடந்தது. காவிரிப் போராட்டத்தால் மற்றவை புணேவுக்குப் போயின. அங்கேயும் இரண்டு பேர் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

எங்களைக் கெடுத்தது போனில் பணம் கட்டி, இரண்டு அணியிலிருந்தும் வீரர்களைப் பொறுக்கி டீம் போடும் ஆட்டம். ஒரு ராத்திரி சென்னை கடைசி ஓவரில் ஜெயித்தது. நான் குதிக்கிறேன், பக்கத்தில் இருந்தவன் முகம் தொங்கிக் கிடக்கிறது. எதிரணி பவுலரைக் கேப்டனாகப் போட்டிருந்தானாம், 49 ரூபாய். அதற்கப்புறம் சேர்ந்து உட்கார்ந்தாலும் ஆறு பேரும் ஆறு மேட்ச் பார்த்தோம். 2025 ஆகஸ்டில் பணம் கட்டும் ஆட்டங்களுக்குத் தடைச் சட்டம் வந்தது. இனி பழையபடி ஆகும் என்று நினைத்தேன். பணம் போனதும் அவர்களுக்கு மேட்சும் போய்விட்டது.

இதோடு வருஷத்துக்கு எழுபதுக்கும் மேல் ஐபிஎல் ஆட்டம். தினமும் பொங்கல் வந்தால் யார் கோலம் போடுவார்கள்?

மிட்விக்கெட்:

எல்லாரும் கிரிக்கெட்டைக் குறை சொல்கிறீர்கள். கேலரிவாசி அண்ணா, உங்களுக்கு வயசாகிவிட்டது, அவ்வளவுதான். அன்று நானும் மைதானத்தில் இருந்தேன், பக்கத்து ஸ்டாண்டில். அஷ்வின் ஹெல்மெட்டைக் கழற்றியபோது தொண்டை கட்டும் வரை கத்தினேன். என் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். ஆட்டம் அப்படியேதான் இருக்கிறது.

கேலரிவாசி:

தம்பி, சரிதான். சண்டைக்கு வரவில்லை. அஷ்வின் அந்த டிசம்பரிலேயே பிரிஸ்பேனில் ஓய்வை அறிவித்துவிட்டார். நாங்கள் பார்த்திருக்க வேண்டிய அவருடைய கடைசிச் சேப்பாக்க டெஸ்ட் நூறு அது, எங்கள் முதுகுக்குப் பின்னால் போயிற்று.

ஒரு விஷயம் மட்டும். நேற்று மெரினாவில் நடக்கும்போது இந்தப் பதிவை அவனிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு தடவை படித்தான். அஷ்வினைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நடையை நிறுத்திவிட்டு, கடுகடுவென்று, “தப்பா எழுதியிருக்க. நான் எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே சச்சின் தூக்கிட்டான்டா,” என்றான்.