கித்துல்கலவில் 14 பேருக்குக் கன்யனிங்: கயிறு, குளிர், நீந்தத் தெரியாத இருவர்

தெகிவளைக்காரி:
வணக்கம். மார்ச் கடைசிச் சனிக்கிழமை எங்கள் ஒஃபிஸிலிருந்து 14 பேர் கித்துல்கலவுக்குக் கன்யனிங் (மலை ஓடை வழியே நடந்தும் நீந்தியும் அருவிகளில் கயிற்றால் இறங்கியும் போவது) போக இருக்கிறோம். ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும். காலை 7 மணிக்கு வெள்ளவத்தையில் வான் ஏறி, அங்கே சாப்பிட்டு, 12 மணிக்கு ஓடையில் இறங்குவதாகத் திட்டம். கயிற்றில் இறங்கும் இடங்கள் மூன்று, பெரியது 15 மீற்றர் அளவு என்று நடத்துபவர் சொல்கிறார். இடையில் நீந்திக் கடக்கும் தடாகங்களும் உண்டு. இரண்டு பேருக்கு நீச்சல் அறவே தெரியாது. ஆட்களுக்கு என்ன சொல்லி வைக்க வேண்டும்? நடத்துபவரிடம் எதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்? வெட்சூட் (தண்ணீருக்குள் சூட்டைக் காக்கும் இறப்பர் உடை) தேவையா, டெனிமும் ரீசேட்டும் போதுமா?

முடிச்சு:
முதலில் நேரத்தை மாற்றுங்கள். மார்ச், ஏப்ரலில் அந்தப் பக்கம் காலை பளிச்சென்று இருக்கும், பிற்பகல் 2 மணிக்குப் பிறகு இடியோடு மழை கொட்டும். 12 மணிக்கு இறங்கினால் சரியாக மழை நேரத்தில் ஓடையின் நடுவில் நிற்பீர்கள். அவிசாவளை, எட்டியாந்தோட்டை வழியாக இரண்டரை முதல் மூன்று மணித்தியாலம் ஓட வேண்டும். 4.30க்குப் புறப்பட்டு, 8.30க்குள் தண்ணீரில் கால் வைத்து, 1 மணிக்கு வெளியே வந்துவிடுங்கள். சோறு அதன் பிறகு. காலையில் பணிஸும் வாழைப்பழமும் போதும்.

அடுத்தது தலைக்கணக்கு. புதியவர் ஒருவரைக் கயிற்றில் மாட்டி, சரிபார்த்து, இறக்கி, கீழே கழற்றிவிட 4 நிமிடமாவது போகும். 14 பேருக்கு 56 நிமிடம். மூன்று இறக்கத்துக்கும் கூட்டினால் மூன்று மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு. முதலில் இறங்கியவர் ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் நனைந்த உடம்போடு அருவிக் காற்றில் நிற்கிறார். கித்துல்கலத் தண்ணீர் பனித் தண்ணீர் அல்ல. இருந்தாலும் தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வேகமாக இழுக்கும். ஆட்கள் விறைப்பது அநேகமாக இந்தக் காத்திருப்பில்தான். ஏழு ஏழு பேராகப் பிரித்து, இரண்டாவது குழுவை ஒரு மணித்தியாலம் பிந்தி இறக்கச் சொல்லுங்கள். அல்லது பெரிய இறக்கத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கயிறு போடச் சொல்லுங்கள். இரண்டுக்கும் ஆளில்லை என்பாரானால் உங்கள் தொகையைக் குறையுங்கள்.

டெனிம் வேண்டவே வேண்டாம். நனைந்தால் கல்லாகக் கனக்கும், முழங்கால் மடியாது, வெளியே வந்தாலும் காயாது. பருத்தி ரீசேட்டும் அப்படித்தான். 3 மில்லிமீற்றர் கட்டை வெட்சூட் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் உடம்போடு ஒட்டிய பொலியெஸ்டர் மேற்சட்டை. ஆளுக்கொரு பெரிய கறுப்புக் குப்பைப் பையை மடித்து வைத்துக்கொள்ளட்டும். தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டினால் நிற்கும் நேரத்தில் காற்று உள்ளே வராது. பார்க்கச் சிரிப்பாக இருக்கும், வேலை செய்யும்.

நீர்க்காகம்:
கயிற்றுப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

கயிறு 9 முதல் 10 மில்லிமீற்றர், இழுபடாத வகையாக இருக்க வேண்டும். பாறை ஏறுபவர்களின் இழுபடும் கயிற்றில் இறங்கினால் ஆள் மேலும் கீழும் ஆடுவார், பாறை விளிம்பில் கயிறு தேயும்.

நடத்துபவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க முடியுமென்றால் இதைக் கேளுங்கள்: "ஒருவர் அருவி நடுவில் சிக்கிவிட்டால், மேலிருந்து கயிற்றைத் தளர்த்தி அவரை இறக்க வழி வைத்திருக்கிறீர்களா?" கயிற்றை மேலே இறுக்கிக் கட்டி முடித்திருந்தால் அந்த வழி இல்லை. சுமை தொங்கும்போதே அவிழ்த்துவிடக்கூடிய கட்டு இருக்க வேண்டும். பதில் தெளிவாக வராவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

கயிற்றின் நீளத்தையும் கவனியுங்கள். கீழே தடாகம் என்றால் நுனி தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும், நுனியில் முடிச்சு இருக்கக் கூடாது. ஆள் அப்படியே நுனியால் வழுகித் தண்ணீருக்குள் போய் நீந்தி விலகிவிடுவார். முடிச்சு இருந்தால் அது இறங்கு கருவியில் இறுகி, ஆள் அருவிக்கு அடியில் மாட்டிக்கொள்வார். கயிறு மிச்சமாகத் தண்ணீருக்குள் கிடந்தால் காலைச் சுற்றும். கீழே தரை என்றால் கதை வேறு, அங்கே முடிச்சு நல்லது.

இனி எட்டு, அதாவது எட்டு வடிவ இறங்கு கருவி. புதியவர்கள் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கயிறு கோப்பார்கள். விறைத்த விரலிலிருந்து வழுகினால் தடாகத்தின் அடியில்தான் தேட வேண்டும். பெரிய வளையத்தைக் காரபினரில் (இடுப்புப் பட்டியிலுள்ள பூட்டுக் கொளுக்கியில்) மாட்டியபடியே வையுங்கள். கயிற்றை மடித்துப் பெரிய வளையத்துக்குள் தள்ளி, சின்ன வளையத்தைச் சுற்றிப் போடுங்கள். இப்போது கயிறே எட்டைப் பிடித்திருக்கும். அதன் பிறகு காரபினரைச் சின்ன வளையத்துக்கு மாற்றிப் பூட்டைத் திருகுங்கள். எட்டு ஒரு கணமும் அநாதையாகத் தொங்காது. விளிம்பைத் தாண்டும்போது எட்டு பாறையில் உரசினால் சின்ன வளையத்தைச் சுற்றிய கயிறு மேலேறிப் பெரிய வளையத்தில் பூட்டிக்கொள்ளும், ஆள் அசைய முடியாமல் நின்றுவிடுவார். பெரிய வளையத்தின் பக்கங்களில் காதுபோல நீட்டிய கொம்பு வைத்த எட்டில் இது நடக்காது. எந்த வகை தருகிறார்கள் என்று பாருங்கள்.

இறங்கும்போது கால் தோளளவு அகலம், முழங்கால் கொஞ்சம் மடிப்பு, உடம்பு பின்னால் சாய்வு. பயத்தில் நிமிர்ந்து நின்றால் கால் வழுக்கி முகம் பாறையில் அடிக்கும். கீழ்க்கை இடுப்புக்கருகே கயிற்றைப் பிடித்தபடி, எதற்காகவும் விடாமல். தலைமயிரையும் லைஃப் ஜக்கெட்டின் தொங்கும் பட்டிகளையும் உள்ளே செருகுங்கள். எட்டு இவற்றை விழுங்கும்.

தெகிவளைக்காரி:
மிக்க நன்றி. பாறை ஏறும் நண்பர் ஒருவர், எல்லோரும் கயிற்றில் சின்னப் புரூசிக் முடிச்சு (கயிற்றைச் சுற்றிப் போடுவது, சுமை விழுந்தால் இறுகிப் பிடிக்கும்) ஒன்று போட்டுக்கொண்டால் கை விட்டாலும் விழ மாட்டோம் என்கிறார். செய்யலாமா? நீந்தத் தெரியாத இருவரையும் பற்றிச் சொல்லுங்கள்.

நீர்க்காகம்:
காய்ந்த பாறையில் அது சரி. அருவிக்குள் வேண்டாம். கை விட்டால் முடிச்சு இறுகும், ஆள் தண்ணீர் தலையில் கொட்டியபடி தொங்குவார், சுமை விழுந்த முடிச்சைத் தானே தளர்த்த முடியாது. விழாமல் மூச்சுத் திணறுவார், அவ்வளவுதான். கீழே ஒருவர் கயிற்று நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். மேலே இருப்பவர் கை விட்டால் அவர் இழுக்க, எட்டு நின்றுவிடும். தளர்த்தினால் மறுபடி இறங்கும். அந்த வேலை வழிகாட்டியுடையது, உங்கள் ஒஃபிஸ் ஆட்களுடையது அல்ல.

நீந்தத் தெரியாதவர்கள் வரலாம். லைஃப் ஜக்கெட் தோளைப் பிடித்துத் தூக்கினால் நாடிக்கு மேல் ஏறாத அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். வரிசையில் அவர்கள் நடுவில். ஒரு வழிகாட்டி முதலில் இறங்கித் தடாகத்தில் நிற்க, கரையில் 15 மீற்றர் எறிகயிற்றுப் பையோடு இன்னொருவர். ஓடும் தண்ணீரில் அவர்களை எதோடும் கட்டி வைக்காதீர்கள். குதிக்கும் இடங்களில் கட்டாயப்படுத்தாதீர்கள். நீந்தத் தெரிந்தவர்களும் வழிகாட்டி அன்று காலை இறங்கி ஆழம் பார்க்காத தடாகத்தில் குதிக்கக் கூடாது. ஒரு வெள்ளம் போனால் மரக்கட்டை இடம் மாறிவிடும்.

அருவி இரைச்சலில் கத்தினால் கேட்காது. விசில் குறிகள் இடத்துக்கு இடம் வேறுபடும், ஆகவே வழிகாட்டி சொல்வதையே பிடியுங்கள். எதற்கு எத்தனை ஊதல் என்று இறங்க முன்பே 14 பேரும் ஒப்புவிக்கட்டும்.

மழைக்கோட்டு:
தங்கச்சி, இரண்டு விடயம் விடுபட்டுவிட்டது.

ஒன்று, வெள்ளம். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மேலே காட்டில் மழை பெய்தால் ஓடை ஏறும். தெளிந்த தண்ணீர் தேயிலை நிறமாகிறதா, சருகும் சுள்ளியும் கூட்டமாக வருகிறதா, சற்றுமுன் வெளியே தெரிந்த கல் மூழ்கிவிட்டதா? இதில் ஒன்று கண்டாலும் ஓடை வழியே கீழே ஓடாமல் பக்கக் கரையில் உயரமாக ஏறி உட்காருங்கள். முதல் நாள் மாலை வளிமண்டலவியல் திணைக்கள அறிவிப்பையும், கேகாலை மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை உள்ளதா என்றும் பாருங்கள். மஞ்சள் எச்சரிக்கை என்றாலே தள்ளிப் போடுங்கள். முடிந்த பிறகு பெரிய ஆற்றில் குளிக்க ஆசைப்படுவார்கள். அந்தக் களனி ஆற்றின் மட்டம் மேலேயுள்ள நீர்மின் நிலையங்கள் தண்ணீர் விடுவதைப் பொறுத்து மழையில்லாமலே ஏறும்.

மற்றது எலிக்காய்ச்சல். காலில் புண், வெட்டு இருப்பவர்கள் இறங்க வேண்டாம். அட்டை கடித்த இடத்தையும் கழுவிக் கட்டுங்கள். தடுப்பு மாத்திரை தேவையா என்று முன்கூட்டியே வைத்தியரைக் கேளுங்கள். பெரும்பாலும் இரண்டு கிழமைக்குள், சிலருக்கு ஒரு மாதம் கழித்தும், காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் டெங்கு என்று நீங்களே முடிவெடுக்காமல் வைத்தியரிடம் ஓடையில் இறங்கியதைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய வழியில்லை.

முடிச்சு:
விறைத்தவரைக் கண்டுபிடிக்க ஒரு வழி: சுண்டுவிரலும் பெருவிரலும் நுனியில் தொடச் சொல்லுங்கள். முடியாவிட்டால் அவரால் காரபினர் பூட்டையும் திருக முடியாது. அடுத்த இறக்கத்தில் அவரை முதலில் அனுப்பாமல், குப்பைப் பையை மாட்டி, கை காலை அசைக்க வைத்து, பேரீச்சம்பழம் இரண்டு கொடுங்கள். அதோடு வானில் சாராயப் போத்தல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சூடு ஏறுவது போலத் தோன்றினாலும் தோல் நாளங்கள் விரிந்து உடம்பு இன்னும் வேகமாகக் குளிரும். பிளாஸ்கில் சீனி போட்ட பிளேன்டீ வைத்தால் போதும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கத்தை வான் சாரதியிடமும் கொடுத்து வையுங்கள், ஓடைக்குள் போன் சிக்னலை நம்ப முடியாது.