புதுப்பிப்பு: பீச் பழம் பறிக்கும் பருவம் தெரிந்துவிட்டது

கோத்தகிரியில் எங்கள் வீட்டு பீச் பழங்கள் சிவந்த பிறகும் புளிக்கின்றனவே, எப்போது பறிப்பது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

"சிவப்பை விட்டுவிட்டு அடிநிறத்தைப் பாருங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. அடிநிறம் என்றால் சிவப்பு படராத இடத்தில் தெரியும் தோல் நிறம். வெயில் படும் பக்கம் காயிலேயே சிவந்துவிடுகிறது. காம்பைச் சுற்றியுள்ள பச்சை முழுவதும் மாறி மஞ்சளானால்தான் பழம் முதிர்ந்திருக்கிறது. வெள்ளைச் சதை ரகமானால் வெளிர் பாலேட்டு நிறம். அப்போது உள்ளங்கையில் ஏந்தி லேசாகத் திருகினாலே கையோடு வந்துவிடுகிறது. காம்புக் குழியில் நல்ல மணம். விரலால் அழுத்திப் பார்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்: அழுத்திய இடம் கன்றிப் பழுப்பாகிவிடுகிறது.

எதிர்பாராத ஒன்று: பச்சையாகப் பறித்து அரிசிப் பானையில் வைத்தவை மெத்தென்று ஆயின, இனிப்பு ஏறவே இல்லை. மாங்காயில் மாவுச்சத்து உண்டு, பறித்த பிறகும் அது சர்க்கரையாகும். பீச்சில் அந்த இருப்பு கிடையாது.

மரம் முழுவதும் ஒரே நாளில் பழுப்பதும் இல்லை. உச்சியிலும் வெளிக்கிளைகளிலும் உள்ளவை முந்துகின்றன, நிழலில் உள்ளவை பிந்துகின்றன. பீச்சிலேயே வழவழப்பான தோல் கொண்ட வகையான நெக்டரினுக்கும் இதே முறைதான். தோல் முழுவதும் சிவக்கும் ரகங்களில் அடிநிறம் தெரியாது. அவற்றுக்கு மணமும் திருகிப் பார்ப்பதுமே வழி.