லாயத்துக் குதிரை புல்லை அள்ளி விழுங்குகிறது: வலைப்பை மாட்டலாமா, கூடாதா?

செவலைக்காரி
எங்கள் செவலைப் பெண் குதிரைக்கு ஏழு வயது, எடை 350 கிலோ. மேய்ச்சல் நிலம் கிடையாது. காலையில் இரண்டு மணி நேரம் வெளியே போகும், மற்ற நேரமெல்லாம் லாயம்தான். காலை 6 மணிக்கு 3 கிலோ காய்ந்த புல், மாலை 6 மணிக்கு 4 கிலோ. மாலைப் புல்லை எட்டரைக்கெல்லாம் முடித்துவிட்டு, அப்புறம் கதவுக் கட்டையைக் கரும்பத் தொடங்கிவிடுகிறது. நேற்று தன் லத்தியையே முகர்ந்து தின்றது. பார்க்கவே மனசு கேட்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து அண்ணன், உழவு மாட்டுக்குப் போடுகிற மாதிரி வாய்க்கூடை போடச் சொல்கிறார். பேராசையை அடக்க வேறு வழி உண்டா?

லாயம்மணி
வாய்க்கூடை வேண்டாம் அக்கா. புல்லை அடைத்துத் தொங்கவிடுகிற சின்னக் கண் வலைப்பை வாங்குங்கள். 4 செ.மீ. கண் போதும். உதட்டால் இழுத்து இழுத்துத் தின்ன வேண்டியிருப்பதால் அதே 4 கிலோ இன்னும் வெகுநேரம் வரும். என் மட்டக்குதிரைக்கு இரண்டு வருடமாக அதுதான். கட்டை கடிப்பது நின்றேவிட்டது.

பழைய_சைஸ்
முப்பது வருடம் பந்தய லாயங்களில் வேலை பார்த்தவன் சொல்கிறேன். வலைப்பை பக்கமே போகாதீர்கள். ஒரு ராத்திரி, காலியான வலை முழங்கால் உயரத்துக்குத் தொங்கிவிட்டது. குதிரை முன்னங்காலால் பறித்திருக்கிறது, லாடத்தின் பின்முனைக்கும் குளம்புக்கும் நடுவில் கயிறு மாட்டிக்கொண்டது. விடியற்காலையில் நான் கதவைத் திறந்தபோது மூன்று காலில் நின்று நடுங்கியது. உடம்பெல்லாம் வியர்வை, நைலான் கயிறு குளம்புக்கு மேலே சதையில் இறங்கியிருந்தது. மூன்று மாதம் சவாரி இல்லை. புல்லைத் தரையில் போடுங்கள். குனிந்து தின்னப் படைத்த கழுத்து அது. உயரத்தில் வலை கட்டினால் தூசி கண்ணிலும் மூக்கிலும்தான் விழும்.

லாயம்மணி
ஐயா, அது வலையின் குற்றமில்லை, கட்டிய விதம். நிரப்பிய வலையைக் குதிரையின் கண் உயரத்தில் வளையத்தில் மாட்டி, கயிற்றை வலையின் அடிப்பக்கத்தில் நுழைத்து மறுபடி மேலே இழுத்துக் கட்டினால் காலியானாலும் கீழே தொங்காது. முடிச்சும் ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சாக இருக்க வேண்டும். தரையில் போடச் சொல்கிறீர்கள், எங்கள் பக்கம் மணல் தரை. புல்லோடு மணலும் போய்க் குடலில் தங்கினால் வயிற்றுவலி வந்து புரளும்.

தீவனக்கணக்கு
இருவரும் வலையைப் பற்றியே பேசுகிறீர்கள். அக்கா எழுதியதை இன்னொரு முறை படியுங்கள். 4 கிலோவை இரண்டரை மணி நேரத்தில் தின்கிறது. ஒரு கிலோ காய்ந்த புல்லை மென்று முடிக்க ஒரு குதிரைக்கு 40 நிமிடம் ஆகும். அந்தக் கணக்குப்படி இது சாதாரண வேகம். பேராசையே இல்லை.

தப்பு நேரத்தில் இருக்கிறது. எட்டரைக்கு முடிந்தால் காலை ஆறு வரை ஒன்பதரை மணி நேரம் வெறும் வயிறு. குதிரைக்கு இரைப்பையில் அமிலம் இரவும் பகலும் சுரந்துகொண்டே இருக்கும், அதைத் தணிக்கிற எச்சிலோ மெல்லும்போது மட்டும்தான் ஊறும். மேய்ச்சலில் விட்டால் ஒரு நாளில் பதினாறு மணி நேரம்கூட மேய்கிற பிராணி அது. கட்டையும் லத்தியும் கடிப்பது மெல்ல ஒன்றும் இல்லாததால்தான். வாய்க்கூடை போட்டால் அதையும் தடுத்துவிடுவீர்கள், அமிலத்தைத் தடுக்க முடியாது.

செவலைக்காரி
பேராசை என்று திட்டிக்கொண்டே இருந்தேன், பாவம். அப்படியானால் அளவு குறைவா?

தீவனக்கணக்கு
ஒரு நாளைக்கு உடல் எடையில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் உலர் தீவனம் வேண்டும். 350 கிலோவுக்கு ஐந்தேகால் முதல் 7 கிலோ. ஆக அளவு சரி. தொங்கு தராசில் நிறுத்துத்தான் போடுகிறீர்களா? கையால் அள்ளிப் போடுகிற "4 கிலோ" பல நாள் மூன்றாகத்தான் இருக்கும்.

பழைய_சைஸ்
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். நாலு வேளையாகப் பிரியுங்கள். ராத்திரி 10 மணிக்குக் கடைசிப் புல், அது பெரிய பங்காக இருக்கட்டும். கொள்ளு கொடுப்பதானால் புல் தின்ற பிறகு கொடுங்கள். கொள்ளுத் தொட்டியில் வாயில் நுழையாத வழவழப்பான பெரிய ஆற்றுக்கல் இரண்டு போட்டால் நிதானமாகத் தின்னும். அவசரமாக விழுங்கித் தொண்டை அடைத்து மூக்கு வழியே நுரையும் தீவனமும் வந்த குதிரையைப் பார்த்தவன் நான். அப்படி ஆனால் தண்ணீர்கூட வைக்காமல் உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

லாயம்மணி
பத்து மணிக்கு எழுந்துபோய்ப் போட்டாலும் பன்னிரண்டரைக்கு முடிந்துவிடுமே ஐயா. அதற்குத்தான் வலை. பழைய மீன்வலை இருந்தால் செலவும் மிச்சம்.

பழைய_சைஸ்
தம்பி, மீன்வலையைச் சொல்லாதே. மெல்லிய நரம்பு பல்லிடுக்கில் மாட்டி ஈறை அறுக்கும். அறுந்த துண்டை விழுங்கினால் குடல் போச்சு.

லாயம்மணி
சரி, மீன்வலையை வாபஸ் வாங்குகிறேன். தடித்த பருத்திக் கயிறு வலைதான்.

செவலைக்காரி
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். தராசில் நிறுத்தேன், மாலைப் பங்கு 2 கிலோ 900 கிராம்தான் இருந்தது! எட்டரைக்கு முடித்தது வேகத்தால் இல்லை, புல்லே குறைவு என்று இப்போது புரிகிறது. நான் அதை நாலு கிலோ என்றே கணக்கில் வைத்திருந்தேன். இப்போது காலை ஒன்றரை கிலோ, மதியம் ஒரு கிலோ, மாலை ஒன்றரை கிலோ, ராத்திரி பத்துக்கு 3 கிலோ. அந்த மூன்றில் ஒரு கிலோவை ரப்பர் விரிப்பில் உதிரியாகப் போடுகிறேன், பசி அடங்கினபின் மீதியை வலையில் இழுத்துத் தின்கிறது. வலையை லாயம்மணி சொன்னபடி உயரக் கட்டியிருக்கிறேன். காலை ஐந்தரைக்குப் போனால் வலையில் ஒரு பிடி மிச்சம் இருக்கிறது, கட்டையில் புதுப் பல் தடம் இல்லை.

பழைய_சைஸ்
நல்ல செய்தி தாயி. லாடம் இருக்கிறதா இல்லையா, அதைச் சொல்லவில்லையே?

செவலைக்காரி
முன்னங்கால் இரண்டிலும் இருக்கிறது ஐயா.

பழைய_சைஸ்
அப்படியானால் எனக்குத் தூக்கம் வராது. நெஞ்சு உயரத்துக்கு ஒரு மரத்தொட்டி செய்து, வலையை அதன் வாயில் இழுத்துக் கட்டுங்கள். கால் எட்டாது, குனிந்தும் தின்னும். அதுவரை ராத்திரி ஒருமுறை எழுந்து பாருங்கள்.